கேள்வியோடு பதிலையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளம், நீர்த்தடை, அடைபட்ட கால்வாய், அள்ளப்படாத குப்பை என்று மக்கள் படும் சிரமங்களைப் பற்றி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றத்திலோ மாநிலச் சட்டமன்றத்திலோ கேள்வி எழுப்பினால், மறுநாள் மலேசியாவில் நம் தமிழ் நாளிதழ்களில் அது 'சாடல்' என்ற தலைப்போடு வருகிறது. அதற்கடுத்த நாள் ஆளும் தரப்பின் 'பதிலடி' வருகிறது. மூன்றாம் நாள் நாம் வேறு செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த உறுப்பினர் சரியாக எதைக் கேட்டார், அமைச்சரோ மாநில ஆட்சிக்குழு உறுப்பினரோ என்ன சொன்னார், சொன்னது கேட்டதற்குப் பதில்தானா என்பது வாசகருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. தமிழ் நாளிதழை நாள்தோறும் வாங்கி வாசிக்கும் நான் இந்த ஒரு குறையைப் பற்றி மட்டுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே நின்று, ஒரு சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் தமிழிலிருந்து மலாய்க்கும் மலாயிலிருந்து தமிழுக்கும் கொண்டுபோவதே என் தொழில். ஒரு லோரி விபத்து வழக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. லோரியின் பிரேக் கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது என்று வழக்கறிஞர் கேட்டார். மேற்பார்வையாளராக இருந்த சாட்சி, "எங்கள் கம்பெனி பாதுகாப்புக்கு எப்போதும் முதலிடம் கொடுக்கிறது" என்றார். அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவர் கேட்டது தேதி" என்றார். இரண்டாம் முறை, "வழக்கமான முறைப்படி சோதிக்கிறோம்" என்று பதில் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோதுதான், "எனக்குத் தெரியாது, ஐயா" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு திரும்பியது. முதல் பதிலோடு விட்டிருந்தால் பாதுகாப்புக்கு முதலிடம் கொடுக்கும் கம்பெனி என்பதே ஏட்டில் நின்றிருக்கும்.

மக்களவையில் அப்படி மூன்று முறை நிறுத்திக் கேட்க இடமில்லை. வாய்மொழிக் கேள்விகளுக்கு ஒதுக்கப்படும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. துணைக் கேள்வி ஒன்றிரண்டோடு அடுத்த உறுப்பினரின் முறை வந்துவிடுகிறது. நேரம் எட்டாத கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் கொடுக்கப்படுகிறது. அந்தப் பதில்கள் மலாயில் நாடாளுமன்ற ஏட்டில் கிடக்கின்றன. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்க வேண்டிய பொறுப்பு அங்கேதான் பத்திரிகைக்கு வந்து சேர்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதில் பட்டவன் நான். 2017 நவம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமை இரவு, பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் தரைவீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக முதலில் வரவில்லை. குளியலறையில் தண்ணீர் வெளியேறும் துளை வழியாகத்தான், கறுப்பாக, கரப்பான்பூச்சிகளோடு மேலெழும்பி வந்தது. தெருக்கால்வாய் ஏற்கெனவே நிறைந்து, போக வேண்டிய நீர் வீட்டுக்குள் திரும்புகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் குளிர்சாதனப் பெட்டி மிதந்து சாய்ந்தது. விடியும்போது சுவரில் விளக்கு சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே கோடு விழுந்திருந்தது. பணிக்காலம் முழுவதும் நான் எழுதிச் சேர்த்த சொற்குறிப்பு நோட்டுகள், நீதிமன்றத் தமிழுக்கென்று யாரும் அகராதி போட்டுத் தராத காலத்தில் நானே தொகுத்தவை, கீழ்த்தட்டில் இருந்தன. அவற்றை வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை.

அந்த இரவும் மறுநாளும் பினாங்கில் சில இடங்களில் ஒரு நாளைக்கு 300 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங், மாநிலத்தில் எதிர்த்தரப்பாகவும் மத்தியில் ஆட்சியிலும் இருந்த தேசிய முன்னணியின் துணைப் பிரதமரை நடுச்சாமத்தில் அழைத்து இராணுவ உதவி கோர வேண்டியிருந்தது, உதவியும் வந்தது. இதை இரு தரப்புக்கும் பெருமையாகவே சொல்கிறேன்.

வெள்ளத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு எங்கள் தெருக்கால்வாயில் மண் நிறைந்து புல் முளைத்திருப்பதைப் பற்றி ஓர் அலுவலகத்தில் புகார் கொடுத்து, எண்ணும் பெற்றிருந்தேன். வெள்ளம் வடிந்த பின்பு அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, கால்வாய் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்று எழுதிக் கேட்டேன். அன்று பெய்த மழை அசாதாரணமானது என்று பதில் வந்தது. லோரி வழக்கின் சாட்சிதான் நினைவுக்கு வந்தார். நான் கேட்டது தேதி.

மழை அசாதாரணமானது என்பது பொய்யில்லை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது அறிவியலாளர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கூடிய ஈரம் ஒரே மூச்சில் கொட்டும்போது கனமழை இன்னும் கனமாகிறது. அப்படியானால், அசாதாரணம் என்ற சொல்லைப் பதிலாகச் சொல்லும் அமைச்சரிடம் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கால்வாய் எந்த மழைக்குக் கணக்கிட்டுக் கட்டப்பட்டது? நம் நாட்டில் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேடு ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. சிறிய கால்வாய்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழைக்கும், பெரிய வடிகால்களை 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை வரைக்கும் கணக்கிடச் சொல்கிறது அது. ஆகவே ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்ட உறுப்பினரையும் சொன்ன அமைச்சரையும் நம் பத்திரிகைகளில் நான் கண்டதில்லை.

2021 டிசம்பரில் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைகளில் காத்திருந்தபோது, சுற்றுச்சூழல் அமைச்சின் உயர் அதிகாரி இது 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழை என்றார். அந்த வெள்ளத்தில் 54 பேர் உயிரிழந்தார்கள். நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. '100 ஆண்டுகளுக்கு ஒருமுறை' என்பதை நம்மில் பலர், இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும் என்று புரிந்துகொண்டோம். தமிழில் அப்படித்தான் தொனிக்கிறது. அதன் உண்மைப் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே. இந்த ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டின் வாய்ப்பு குறைவதில்லை. வீட்டுக் கடன் அடைக்கும் 30 ஆண்டுகள் ஒருவர் அதே வீட்டில் குடியிருந்தால், அந்த மழையை ஒரு முறையேனும் சந்திக்க 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஏறத்தாழ நான்கு குடும்பங்களில் ஒரு குடும்பம். இதுவும் பருவநிலை மாறாமல் இருந்தால் வரும் கணக்கு. இந்த விளக்கத்தை அமைச்சர் தரவில்லை என்றால் பத்திரிகை தரலாம். ஒரு பத்தியில் முடிகிற வேலை.

அடுத்து வருவது, 'அது எங்கள் கையில் இல்லை' என்ற பதில். மாநிலத்தில் கேட்டால் கூட்டரசு, அதாவது மத்திய அரசாங்கம், பணம் ஒதுக்கவில்லை என்பார்கள். கூட்டரசில் கேட்டால் நிலமும் ஆறும் மாநிலத்துடையவை என்பார்கள். இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு மாநகர் மன்றத்துக்குப் போனால் அது வேறு துறை என்பார்கள். இதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் வடிகாலும் நீர்ப்பாசனமும் இருவருக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. குடிநீர் விநியோகத்தையும் 2005இல் அந்தப் பட்டியலுக்கு மாற்றினார்கள். இருவருக்கும் பொதுவானது என்றால் இருவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே என் வாசிப்பு. நடைமுறையில் அது இருவரும் விலகிக்கொள்ளும் வழியாகிவிட்டது.

கோலாலம்பூர் வாசகர்களின் நிலை இன்னும் கடினம். அங்கே மாநிலச் சட்டமன்றம் கிடையாது. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. டத்தோ பண்டார் எனப்படும் மேயரும் நியமிக்கப்படுகிறவர். ஆகவே கூட்டரசுப் பிரதேசத்தின் ஒரு சாலையோ கால்வாயோ பழுதானால், வாக்கு வாங்கிய ஒருவர் அதைப் பற்றிக் கேட்க இருக்கும் ஒரே சபை மக்களவைதான். கேட்கக்கூடியவர்கள் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள். 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எட்டு மீட்டர் ஆழக் குழிக்குள் போனார். நாள் கணக்கில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் என்று நம்மவர் தினமும் நடக்கும் சாலை அது. அந்த நடைபாதைக்குக் கீழே என்ன இருக்கிறது, யார் கடைசியாகப் பார்த்தார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டால், அதைக் கட்சிச் சண்டையாகப் பத்திரிகை குறுக்கிவிடக் கூடாது. பினாங்கு மாநிலம் ஊராட்சித் தேர்தலை மீட்க 2012இல் சட்டம் இயற்றியும், 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாக்குச் சீட்டால் மாநகர் மன்றத்தைக் கேட்க முடியாத நமக்கு, எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வி எவ்வளவு பெரிய கருவி என்பதை இதிலிருந்து தாங்கள் அறியலாம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் எந்தக் கட்சிக்காகவும் எழுதவில்லை. 2021 வெள்ளத்தின்போது மீட்புப் பணி தாமதமானது ஏன் என்று கேட்டவர்கள் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பக்காத்தான் ஹராப்பான் உறுப்பினர்கள். பதில் சொல்ல வேண்டியிருந்தவர் பிரதமர் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி. வெள்ளத்தைப் பற்றிப் பேசவென்றே 2022 ஜனவரி 20ஆம் தேதி மக்களவை சிறப்புக் கூட்டம் கூடியது. கேட்டவர்களே அதே ஆண்டு நவம்பரில் ஆட்சிக்கு வந்தார்கள். முறையான டெண்டர் இல்லாமல் கொடுக்கப்பட்டதாகக் கூறி ஏறத்தாழ 700 கோடி ரிங்கிட் வெள்ளத் தடுப்புத் திட்டங்களைப் புதிய அரசாங்கம் நிறுத்தி மறுபரிசீலனை செய்தது. பின்னர் 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 33 வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்கு 1,180 கோடி ரிங்கிட் அறிவித்தது. இப்போது அவை எந்த நிலையில் உள்ளன என்று கேட்கும் முறை எதிர்க்கட்சிக் கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனலுடையது. ஆள் மாறியிருக்கிறார்கள். கேள்வி அதேதான். அது கட்சிகளுக்குச் சொந்தமானதாக இருந்தால் ஆட்சி மாறும்போது மறைந்துபோயிருக்க வேண்டும்.

எதிர்க்கட்சியினர் மீதும் எனக்குக் குறை உண்டு. பலர் கேள்வி என்ற பெயரில் ஒரு சிறு சொற்பொழிவை ஆற்றிவிட்டு, கடைசியில் 'அரசாங்கத்தின் நிலைப்பாடு என்ன?' என்று முடிக்கிறார்கள். அப்படிக் கேட்டால் அமைச்சர் நிலைப்பாட்டைத்தான் சொல்வார். கால்வாயின் பெயர், ஒப்பந்தத்தின் தொகை, முடிக்க வேண்டிய மாதம் என்று கேட்டால் நழுவுவது கடினம். ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம் 1960களில் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது மக்களவையில் ஊழல் குற்றச்சாட்டுகளைத் திட்டவட்டமாக வைத்தார். சபைக்கு வெளியே சொல்லத் துணிவுண்டா என்று கேட்டபோது வெளியேயும் சொன்னார். அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. அமைச்சர் பதவி விலகினார். கேட்பவர் தம் கேள்விக்குத் தாமே பொறுப்பேற்ற காலம் அது. நம் காலத்தில், குடிநீர் தனியார்மயமாவதை எதிர்த்த கூட்டமைப்பை நடத்திவிட்டுக் கிள்ளானின் உறுப்பினரான சார்ல்ஸ் சந்தியாகோவும், சுங்கை சிப்புட்டின் மருத்துவர் மைக்கல் ஜெயக்குமாரும் தங்களுக்குத் தெரிந்த துறையில் ஆழமாக நின்று கேட்டவர்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்குத் தொகுதி மானியம் மறுக்கப்படுவதை எதிர்த்து ஜெயக்குமார் நீதிமன்றம் வரை போனதும் பலருக்கு நினைவிருக்கலாம். வழக்கில் அவர் வெல்லவில்லை. கேட்பவரின் தொகுதியில் கால்வாய்க்குப் பணமில்லை என்ற நிலை இருந்தால், மக்கள் கேட்பவரைத் தேர்ந்தெடுக்கவே அஞ்சுவார்கள் என்ற அவரது வாதத்தின் சாரம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

குடிநீரில் இது இன்னும் சிக்கலாகிறது. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா வனப்பகுதியில் பிறக்கிறது. அங்கே மரம் வெட்டினால் இங்கே ஆற்றில் நீர் குறையும், கலங்கும். 2023 தேர்தலில் பினாங்குச் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 11 இடங்களை வென்ற எதிர்க்கட்சி பெரிக்காத்தான் நேஷனல். கெடாவை ஆள்வதும் அதே கூட்டணி. ஆகவே இங்கே நீர்த்தடையைப் பற்றிக் கேட்கும் உறுப்பினரிடம், உலு மூடாவைப் பற்றி உங்கள் கட்சி கெடாவில் என்ன செய்கிறது என்று தங்கள் நிருபர் கேட்க வேண்டும். கெடா கேட்கும் நீர்க்கட்டணத்துக்கும், பேராக் ஆற்று நீரைக் கொண்டுவருவதாகப் பல ஆண்டுகளாகப் பேசப்படும் திட்டத்துக்கும் பினாங்கு அரசாங்கம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் போட வேண்டும்.

நீர்த்தடை என்பது வாளியில் பிடித்து வைத்துச் சமாளிக்கும் தொல்லை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் அண்ணனுக்கு 72 வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒருமுறை நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரத்தில் அவருடைய இரத்தத்தை ஒட்டி ஓடும் கரைசலுக்கு மட்டும் ஏறத்தாழ 120 லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். அதைச் சுத்தப்படுத்தும்போது கழிவாகப் போகும் நீர் தனி. நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000 பேருக்கும் அதிகம். அண்மைய ஆண்டுகளில் வந்த நீர்த்தடை ஒன்றின்போது, நிலையத்தின் தொட்டி நீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருந்ததால் அண்ணனுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே செய்தார்கள். மறுநாள் அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். விழுந்த குழி நெடுநேரம் எழவில்லை. அங்கிருந்த தாதியர் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். அவர்கள் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. 2024 ஜனவரியில் பினாங்கின் சுங்கை டுவா குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காக நான்கு நாள் நீர்த்தடை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே அறிவிக்கப்படும் தடைக்கும், வறட்சியாலோ குழாய் வெடிப்பாலோ திடீரென வரும் தடைக்கும் டயாலிசிஸ் நிலையங்களுக்கு எத்தனை லோரித் தண்ணீர், எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் என்று எழுத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறதா? இது ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பருவநிலை, குடிநீர், வடிகால், மருத்துவமனை, போக்குவரத்து ஆகியவை பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றை, கேட்டவர் பெயரோடு முழுமையாகத் தமிழில் போடுங்கள். அதன் கீழே பதிலை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் முழுமையாகப் போடுங்கள். பதிலில் ஒரு தவணை சொல்லப்பட்டிருந்தால் அதைக் குறித்துவைத்து, அந்தத் தேதி வந்ததும் அதே கேள்வியை மறுபடியும் அச்சிட்டு, இப்போது என்ன நிலை என்று அமைச்சின் அலுவலகத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்று போடுங்கள். 'சாடல்', 'பதிலடி' என்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் தேவைப்படாது.

நிருபர்கள் குறைவு, மலாயில் உள்ள நாடாளுமன்ற ஏட்டை வாசித்து மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் நான் செய்து தருகிறேன். கண் நன்றாகத் தெரிகிறது, நேரமும் இருக்கிறது. 33 வெள்ளத் தடுப்புத் திட்டங்களில் பினாங்குக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் உரியவை எவை, ஒவ்வொன்றும் எந்த மழையைக் கணக்கிட்டு வரையப்பட்டது, எந்த மாதத்தில் முடிய வேண்டும் என்ற கேள்வியைத் தமிழிலும் மலாயிலும் எழுதி இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முதல் வாரத்தை அதிலிருந்து தொடங்கலாம். கேட்க முன்வரும் உறுப்பினர் எந்தப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தாலும் அவரிடம் அதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு